விழாவில் பிள்ளைகளுக்கும் ஒரு வேலை வேண்டும்



பொங்கல் திருநாளைப் பற்றிக் கட்டுரை எழுதுக என்று சொன்னால், நம் மாணவர்கள் தயங்காமல் எழுதிவிடுகிறார்கள். புத்தரிசி, மஞ்சள் கொத்து, மாவிலைத் தோரணம், கரும்பு என்று எல்லாச் சொற்களும் வரிசையாக வந்துவிடுகின்றன. ஆனால், அந்த மாவிலைகளைத் தம் கையால் தோரணமாகக் கட்டிய மாணவர்கள் வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று கைகள்தாம் உயரும்.

இந்தக் குறையைப் பற்றி என்னை ஆழமாகச் சிந்திக்க வைத்தது, 2019ஆம் ஆண்டின் இறுதிப் பள்ளி விடுமுறையில் பிலிப்பைன்சில் தங்கியிருந்த மூன்று வாரங்கள் ஆகும். என் தம்பி பணியின் பொருட்டுக் குடும்பத்துடன் பம்பாங்கா மாநிலத்தின் தலைநகரான சான் பெர்னாண்டோவில் குடியிருந்தான். அந்த வீட்டிலிருந்து நான் கண்டவற்றையும், அவற்றால் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியதையும் இங்கே எழுதுகிறேன்.

விடியலுக்கு முன் ஒன்பது நாள்

பிலிப்பைன்ஸ் 1565 முதல் 1898 வரை ஸ்பானியர் ஆட்சியில் இருந்த நாடு. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அங்குள்ள மக்களில் 78.8 விழுக்காட்டினர் ரோமன் கத்தோலிக்கர். கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தை அவர்கள் செப்டம்பரிலேயே தொடங்கிவிடுகிறார்கள் என்பது பலரும் அறிந்த செய்தி. எனினும், அதன் உயிர்நாடி டிசம்பர் 16 முதல் 24 வரை, ஒன்பது நாளும் பொழுது விடியுமுன் நடைபெறும் திருப்பலிதான். இதனைத் தகாலோக் மொழியில் 'சிம்பாங் காபி' என்பர். வயலுக்குச் செல்லும் உழவர்கள் வேலை தொடங்குமுன் வழிபட வேண்டும் என்பதற்காக இந்த நேரம் அமைந்தது என்று சொல்கிறார்கள்.

நம் மார்கழி மாதமும் ஏறத்தாழ அதே நாளில்தான் பிறக்கிறது! வைகறையில் எழுவதும், பனியில் நடந்து சென்று வழிபடுவதும், வழிபாடு முடிந்ததும் சூடாக உண்பதும் நமக்கும் பழக்கமானவையே. நம் கோவில்களில் வெண்பொங்கல். அங்கே தேவாலய வாசலில் 'பிபிங்கா', 'புத்தோ பும்போங்' என்னும் அரிசிப் பலகாரங்கள். மேலும் கீழும் கரி நெருப்பு வைத்து, வாழையிலை விரித்த சட்டியில் சுடுவது பிபிங்கா. புத்தோ பும்போங் நம் குழாய்ப் புட்டின் நெருங்கிய உறவு என்றே சொல்லலாம். ஊதா நிற அரிசி மாவை மூங்கில் குழாயில் அவித்துத் தேங்காய்த் துருவலும் வெல்லச் சர்க்கரையும் தூவித் தருகிறார்கள்.

அதிகாலை நான்கு மணிக்குத் திருப்பலி தொடங்கும்போது சிற்றாலயத்தின் முற்றம்வரை கூட்டம் நின்றது. தூங்கி வழியும் பிள்ளைகளும் இருந்தார்கள். ஆனால், வெறுமனே அழைத்து வரப்பட்ட பிள்ளைகள் குறைவு. பீடத்தில் குருவுக்குத் துணை நின்றவர்கள் நம் ஆண்டு 4, ஆண்டு 5 மாணவர்களின் வயதினர். பாடற்குழுவில் முன்வரிசை முழுதும் சிறுமியர். காணிக்கைக் கூடையை வரிசை வரிசையாகக் கொண்டு சென்றவன் பத்து வயதுச் சிறுவன். ஒருவர்கூடப் பரிசுக்காக அதைச் செய்யவில்லை. அது அவர்களுடைய வேலை. அவர்கள் வராவிட்டால் அந்த இடம் வெறுமையாக இருக்கும்.

விளக்கு கட்டும் கைகள்

சான் பெர்னாண்டோவின் பெரும்புகழ் அதன் மாபெரும் விளக்குகள். 'பாரோல்' எனப்படும் விண்மீன் வடிவக் கூண்டு விளக்கை, பெத்லகேம் விண்மீனின் அடையாளமாக நாடு முழுவதும் தொங்கவிடுகிறார்கள். இந்நகரிலோ அதனை ஏறத்தாழ 20 அடி விட்டத்தில், ஆயிரக்கணக்கான மின்விளக்குகளைப் பொருத்திச் செய்கிறார்கள். கிறிஸ்துமசுக்கு முந்திய ஒரு சனிக்கிழமை இரவில், 'பாரங்காய்' எனப்படும் ஊர்ப்பகுதிகள் தத்தம் விளக்கைக் கொண்டுவந்து போட்டியிடுகின்றன. விளக்குகள் இசைக்கேற்பச் சுழல்வதுபோல் ஒளிர்வதற்கு, மரபான முறையில் ஓர் எளிய கருவி உண்டு. பெரிய எஃகு உருளையின்மேல் ஒட்டுத்தாளைக் கோலம்போல் ஒட்டுகிறார்கள். அதன்மீது கொண்டையூசிகள் உராயும்போது, ஒட்டுத்தாள் உள்ள இடத்தில் மின்சாரம் தடைப்படும். இல்லாத இடத்தில் பாயும். உருளையைக் கையால் சுழற்றுவதுதான் அந்த ஒளி நடனத்தின் மறைபொருள்.

போட்டிக்கு முன் ஒரு மாலையில் விளக்கு கட்டும் கொட்டகைக்குச் சென்றோம். பெரியவர்கள் கம்பிகளை இணைத்தார்கள். பிள்ளைகள் வண்ணவாரியாக விளக்குகளைப் பிரித்துக் கொடுத்தார்கள். ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்குக்கூட மூங்கில் குச்சியும் வண்ணத்தாளும் கொடுத்துச் சிறிய பாரோல் செய்ய வைத்திருந்தார்கள். தெருவிலோ சிறுவர்கள் புட்டி மூடிகளைத் தட்டையாக்கிக் கம்பியில் கோத்துச் சலங்கை செய்து, பால் டின்னை மேளமாக்கி, வீடு வீடாகச் சென்று பாடிக் காசு பெற்றார்கள். ஒன்றும் கடையில் வாங்கியதன்று.

வீட்டில் நாள்தோறும் நான் கண்ட இன்னொரு பழக்கம், இளையவர் பெரியவரின் கையைப் பற்றித் தம் நெற்றியில் ஒற்றிக்கொள்வது. 'மானோ' என்று அதற்குப் பெயர். கை என்னும் பொருளுடைய ஸ்பானியச் சொல் அது. அண்டை வீட்டுப் பாட்டியம்மையின் பேரப்பிள்ளைகள் நால்வரும் பள்ளியிலிருந்து வந்தவுடன் முதலில் செய்வது அதைத்தான். அப்பிள்ளைகளின் தாய் வெளிநாட்டில் வீட்டுப் பணியாளர். தாய் அருகில் இல்லாத வீட்டிலும் பழக்கம் அறுபடவில்லை. பாட்டி கையை நீட்டுகிறார், பிள்ளைகள் குனிகிறார்கள். அதனை விளக்க ஒரு பாடநூல் தேவைப்படவில்லை.

மொழி எங்கே வாழ்கிறது?

தமிழாசிரியர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இதற்குப் பிறகுதான் வருகிறது. பம்பாங்கா மக்களின் தாய்மொழி தகாலோக் அன்று, 'கப்பம்பாங்கான்'. நாட்டளவில் அது சிறுபான்மை மொழி. பள்ளியிலும் தொலைக்காட்சியிலும் பிலிப்பினோவும் ஆங்கிலமுமே ஓங்கி நிற்கின்றன. 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாலர் பள்ளி முதல் மூன்றாம் ஆண்டு வரை தாய்மொழிவழிக் கற்பித்தலுக்கு இடம் தந்தது. அதற்குரிய மொழிகளுள் கப்பம்பாங்கானும் ஒன்று. 2024 அக்டோபரில் நடப்புக்கு வந்த இன்னொரு சட்டம் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. பள்ளியின் கதவு அம்மொழிக்குப் பாதி சாத்தப்பட்டுவிட்டது.

ஆயினும், நான் சென்ற சிற்றாலயத்தில் விடியற்காலைப் பாடல்கள் கப்பம்பாங்கானில் ஒலித்தன. ஒரு காலத்தில் திருப்பலி பெரும்பாலும் இலத்தீனில்தான் நடந்தது; 1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் மக்கள் மொழிகளுக்கு வழிவிட்டது. அந்த வாய்ப்பை அவ்வூரார் பயன்படுத்திக் கொண்டார்கள். விளக்குக் கொட்டகையிலும் அதே மொழிதான் புழங்கியது. 'அந்தக் கம்பியை எடு', 'இங்கே பிடி', 'இறுக்கிக் கட்டு' என்பன போன்ற ஏவல்களைப் பிள்ளைகள் தம் மொழியில் கேட்டுச் செய்தார்கள் என்று என் தம்பியின் அண்டை வீட்டார் விளக்கினார். வேலை இருந்த இடத்தில் மொழிக்கும் வேலை இருந்தது.

நம் நிலை என்ன? 1816இல் பினாங்கில் தொடங்கிய தமிழ்க்கல்வி இருநூறு ஆண்டுகளைக் கடந்துவிட்டது. இன்று நாட்டில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. கப்பம்பாங்கான் பேசுவோர்க்கு வாய்க்காத செல்வம் இது! ஆனால், நம் பள்ளிப் பொங்கல் விழாவில் நடப்பதென்ன? ஆசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும் பொங்கல் வைக்கிறார்கள்; மாணவர்கள் வரிசையாக அமர்ந்து, பால் பொங்கும்போது 'பொங்கலோ பொங்கல்' என்று கூவுகிறார்கள். பின்னர் வண்ணம் தீட்டும் போட்டி, பரிசளிப்பு, நிழற்படம். வீட்டிலும் ஏறக்குறைய இதே நிலைதான். முறுக்கைப் பேரங்காடியில் வாங்குகிறோம். பிள்ளைக்குப் புத்தாடை அணிவித்து, கைப்பேசியைக் கொடுத்து ஓரமாக உட்கார வைக்கிறோம். பிள்ளை நம் விழாவுக்கு வந்த விருந்தாளி ஆகிவிட்டது.

மறுப்புகள் சில

"அவர்கள் பெரும்பான்மையினர், நாம் சிறுபான்மையினர், ஒப்பிடலாமா?" என்று சிலர் கேட்கக்கூடும். சமயத்தில் அவர்கள் பெரும்பான்மைதான், மொழியில் அல்லர். வெளிநாடு வரை போகவும் வேண்டியதில்லை. பினாங்கு மாநிலத்தின் புக்கிட் மெர்தாஜாமில் ஆண்டுதோறும் சூலையில் நடைபெறும் புனித அன்னம்மாள் திருவிழாவைப் பாருங்கள். அங்கே பிறமொழித் திருப்பலிகளோடு தமிழ்த் திருப்பலியும் நடைபெறுகிறது. சிறுபான்மையிலும் சிறுபான்மையான தமிழ்க் கத்தோலிக்கர் தம் மொழிக்குரிய இடத்தைக் காத்து வருகிறார்கள்.

"அங்கே மட்டும் எல்லாம் பழையபடியே இருக்கிறதா?" என்றும் கேட்கலாம். இல்லை. நெகிழிப் பாரோல்கள் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. பேரங்காடிகளுக்குள்ளேயே திருப்பலி நடக்கிறது. காலம் அவர்களையும் விடவில்லை. ஆனால், பிள்ளைகளின் கையிலுள்ள வேலையை மட்டும் அவர்கள் பறிக்கவில்லை.

"பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்கிறோம், நேரமில்லை" என்பது மூன்றாவது மறுப்பு. இதில் நியாயம் உண்டு. ஆகவேதான் பெரிய திட்டங்கள் எதையும் நான் முன்வைக்கவில்லை.

செய்யக்கூடியவை

1. வீட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு விழா வேலையை நிலையாக ஒப்படையுங்கள். ஆறு வயதில் வாழையிலை துடைப்பது, எட்டு வயதில் தோரணம் கட்டுவது, பத்து வயதில் தேங்காய் துருவுவது, பன்னிரண்டு வயதில் வந்தவர்களை வரவேற்றுப் பரிமாறுவது. அவ்வேலையைப் பெரியவர்கள் செய்துவிடக் கூடாது.

2. அந்த வேலையைத் தமிழிலேயே சொல்லிக் கொடுங்கள். துருவு, கிளறு, பதம், உலை, அடுப்பை மூட்டு, சட்டியை இறக்கு என்னும் சொற்கள் வேலையோடு வந்தால் மறக்கா. மொழிப் பயிற்சித் தாளில் மட்டும் வந்தால் நிலைக்கா.

3. பள்ளியில் பொங்கல் விழாவை மாணவர்களிடம் ஒப்படையுங்கள். ஆண்டு 6 மாணவர்கள் பொருள்களைப் பட்டியலிட்டு விலை கணக்கிடட்டும். ஆண்டு 5 மாணவர்கள் கோலமிடட்டும். சிறியவர்கள் அரிசி களையட்டும். நெருப்பருகில் மட்டும் ஆசிரியர் நிற்கட்டும். நம் பள்ளிகளில் பல சமயத்துப் பிள்ளைகள் பயில்கிறார்கள். அறுவடைக்கு நன்றி சொல்லும் பொங்கல் விழாவில் எல்லாரும் கைகோக்க இடமுண்டு.

4. மாணவர்கள் கட்டுரையை விழாவுக்குப் பின் எழுதட்டும். பொங்கல் அடிப்பிடித்ததையும், கோலம் கோணியதையும் அவர்கள் எழுதுவார்கள். மனனம் செய்த கட்டுரையில் அவை வாரா.

கோலம் கோணலாகும், தேங்காய்த் துருவல் தரையில் சிந்தும், வேலை முடிய இருமடங்கு நேரமாகும். அது நமக்குத் தொல்லைதான். ஆனால், அத்தொல்லையை ஏற்க மறுக்கும் தலைமுறை, அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பதற்கு நிழற்படங்களை மட்டுமே வைத்திருக்கும். வரும் பொங்கலுக்கு உங்கள் பிள்ளைக்கு எந்த வேலையைக் கொடுக்கப் போகிறீர்கள் என்பதை இன்றே முடிவு செய்யுங்கள்.