பொது வைத்தியமும் நம் மாணவரும்

உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் மாணவனை, "தம்பி, என்னவாக வர விருப்பம்?" என்று வினவினால், வைத்தியர் என்று மாத்திரம் அவன் விடை பகர்வதில்லை, இருதய நிபுணர், சத்திரசிகிச்சை நிபுணர் என்றே கூறுகின்றான். மருத்துவ பீடத்திலிருந்து விடுமுறைக்கு வரும் நம் பழைய மாணவர் பலரும் அவ்வாறே. ஊரில் அமர்ந்து, வருவோர் எல்லோரையும் பார்க்கும் பொது வைத்தியம், பட்டப்பின் பரீட்சையில் தவறியவர்க்கு எஞ்சிய வழியென்பது அவர்தம் எண்ணம்போலும்.

அவர்களை மாத்திரம் குறைகூறுதல் நீதியன்று. அவர்கள் தொழில் பழகுவது பெரும்பாலும் பெரிய வைத்தியசாலை விடுதிகளில். கற்பிப்போர் பலர் நிபுணர். காய்ச்சலின் முதல்நாளில் டெங்குவை ஏனைய காய்ச்சல்களினின்றும் பிரித்தறிதல் அரிது. நோயாளியை மீண்டும் வரச்செய்து, குருதியைச் சோதிப்பித்து, அபாயக்குறி கண்டவுடன் வைத்தியசாலைக்கு அனுப்பும் மதிநுட்பத்தை விடுதியில் நின்று கற்பதெவ்வாறு?

பொதுமக்களாகிய நம் பங்கும் சிறிதன்று. இந்நாட்டில் எவரும் நேரே நிபுணரைச் 'சனல்' செய்து காணலாம். நீரிழிவுக்கு ஒருவர், குருதி அமுக்கத்துக்கு ஒருவர், முழங்கால் நோவுக்கு ஒருவர். மூவர் தரும் குளிசைகளையும் ஒருங்கே வைத்து நோக்குவார் இல்லை. நோவு தணிக்கும் குளிசைகளுட் சில குருதி அமுக்கத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். இதனைக் கண்டு தடுக்கவல்லவர் குடும்பத்தை அறிந்த ஒரு வைத்தியரேயாவர்.

1847இல் இலங்கைக்கு வந்து மானிப்பாயில் மருத்துவங் கற்பித்த கிறீன் வைத்தியர் இக்குறையை அன்றே கண்டார். ஆங்கிலத்திற் பயின்றோர் அரசாங்க உத்தியோகம் நாடிச் செல்ல, 1860களில் தமிழிலேயே கற்பிக்கலானார். கிராமங்களில் தங்கி வைத்தியஞ் செய்வோரே அவருக்கு வேண்டியவர். தமிழாசிரியராகிய யாம் அவரது மொழிபெயர்ப்புக்களையே பெரிதும் போற்றிவந்தோம். அவற்றின் நோக்கத்தை அத்துணை போற்றினோமல்லேம்.

பொது வைத்தியத்திற் படிப்புக்கு இடமில்லை என்பாரும் உளர். இலங்கையிற் பொது வைத்தியர்க்கெனத் தனிக் கல்லூரி 1974இல் அமைந்தது. குடும்ப மருத்துவம் பட்டப்பின் படிப்பிலும் ஒரு தனித்துறை. இதனை அறியாத மாணவர் அதனை விரும்புவதெங்ஙனம்?

நம் கல்லூரியில் தொழில் வழிகாட்டற் கூட்டம் நடைபெறுந்தோறும் மேடையில் நிபுணரே வீற்றிருக்கக் காண்கின்றோம். ஊரில் வைத்தியஞ் செய்யும் பழைய மாணவர் சபையில் இருப்பர். கூட்டம் முடியுமுன்னரே நோயாளரைப் பார்க்க எழுந்து செல்வர். அடுத்த கூட்டத்தில் அவருள் ஒருவரை முதலிற் பேச அழைக்குமாறு சங்கத்தாரை வேண்டுகின்றோம்.