கழற்றப் பழகுங்கள்

வெளிநாட்டுக்குத் தொண்டு செய்யப் புறப்படும் செவிலியருக்கு நல்ல மனம் மட்டும் போதாது. 2014-இல் எபோலா பரவியபோது கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளுக்குப் போனவர்கள் திரும்பத் திரும்பப் பழகியது, பாதுகாப்பு உடையைக் கழற்றுவதைத்தான். ஒவ்வொரு கட்டத்திலும் கையுறையோடு கையைக் குளோரின் நீரில் கழுவ வேண்டும். அடுத்து எதைக் கழற்றுவது என்று எதிரில் ஒருவர் நின்று சொல்லிக்கொண்டே இருப்பார். களைப்பில் விரல் கண்ணில் பட்டால் உயிருக்கே ஆபத்து. உடைப் பயிற்சியோடு மற்றத் தயாரிப்புகளும் உண்டு. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ், ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் செல்லும். கினியில் சக ஊழியரோடு பேசப் பிரெஞ்சும் வேண்டும். தயாராகாமல் போகிறவர் அங்குள்ள செவிலியருக்குக் கூடுதல் சுமைதான். பயணம் ஒரு மாதம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, பயிற்சியை முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.