ஃபேன் பெல்ட்டைக் கழட்டிட்டுப் பேசுங்கண்ணே!

மெக்கானிக்கல் படிச்சுட்டுப் பொட்டி தட்டுற கூட்டத்துல அடியேனும் ஒருத்தன். எஞ்சின்ல சத்தம் வந்தா தெரிஞ்ச மாதிரி தலையாட்டுவேன், அவ்ளோதான். ரெண்டு மாசம் முன்னாடி அப்பாவோட பழைய காருல 'ங்ஙீய்'னு ஒரு சத்தம். ஆக்சிலேட்டரை மிதிச்சா அதுவும் சேர்ந்து ஏறுது. மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் தூக்கி ரெண்டு செகண்டு கேட்டாரு. "ஆல்டர்னேட்டர் பேரிங் தம்பி." மாத்தியாச்சு. காசு போச்சு, சத்தம் போகலை.

அவரு தப்பா சொன்னதுல எனக்குக் கடுப்பு இல்லீங்க. சின்ன சோதனை ஒண்ணைச் செய்யாம விட்டதுலதான். ஃபேன் பெல்ட்டு, ஏசி பெல்ட்டு ரெண்டையும் கழட்டிட்டு எஞ்சினைச் சில செகண்டு ஓட விட்டா போதும். (அதுக்கு மேல வேணாம், சில வண்டியில வாட்டர் பம்பே அந்த பெல்ட்டுலதான் ஓடும்.) சத்தம் நின்னா ஆல்டர்னேட்டர், கம்ப்ரசர் பக்கம் தேடணும். நிக்கலைன்னா டைமிங் கவர் பக்கம். பாதி கோடை கமெண்ட் பண்ணிட்டு பக் தேடுற அதே வேலை!

ஞாயித்துக்கிழமை நானே கழட்டிப் பார்த்தேன். நிக்கலை. நீளமான ஸ்க்ரூ டிரைவரை எஞ்சின்ல கவர் ஓரமா ஊனி, பிடியைக் காதுல வச்சா, உள்ள யாரோ அம்மியில மணல் அரைக்கிறாங்க.

வேற மெக்கானிக்கிட்ட கவரைத் திறந்தோம். ஐட்லர் புல்லி! நல்ல புல்லி கிரீஸோட கனத்துல சத்தமில்லாம சுத்தி நின்னுரும். இது கிரீஸ் காஞ்சு பம்பரமாட்டம் கரகரன்னு சுத்துது. ரெண்டு வருஷம் முன்னாடி பெல்ட் மாத்துனப்ப, "புல்லி நல்லாத்தானே இருக்கு"ன்னு பழசையே விட்டிருக்காங்க.

இதைத்தான் என்னால ஏத்துக்க முடியல. செலவுல பெரும்பங்கு பிரிச்சு மாட்டுற கூலிதான். பிரிச்சதும் பிரிச்சீங்க, டென்ஷனர், ஐட்லரையும் சேர்த்தே மாத்த வேண்டியதுதானே? பேரிங் இறுகினா புது பெல்ட்டும் அறுந்துரும், இல்லைன்னா பல்லு தாண்டிரும். நிறைய எஞ்சின்கள்ல அப்புறம் பிஸ்டனும் வால்வும் மோதும், ஹெட்டையே கழட்டணும். அப்பாவும் அம்மாவும் மாசாமாசம் அதுலதான் திருச்சி போயிட்டு வர்றாங்க. நாலுவழிச்சாலையில ராத்திரி நின்னிருந்தா?

மூணையும் மாத்தினோம். குறிகளைச் சரியா வச்சு பெல்ட் மாட்டினதும் அண்ணன் சாவியைப் போடப் போனாரு. தடுத்து, கிராங்க்கை ஸ்பேனரால ரெண்டு முழுச்சுத்து சுத்தி, குறி திரும்ப சேருதான்னு பார்க்கச் சொன்னேன். கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினாத்தானே கேம் ஒரு சுத்து.

"தம்பி எஞ்சினியரா?"

"ஆமாண்ணே, ஆனா கம்ப்யூட்டர்ல."

இப்ப வண்டி கப்சிப். அப்பா மட்டும், "பாட்டைக் கொஞ்சம் சத்தமா வச்சிருந்தா கேட்டே இருக்காதேடா"ங்கிறாரு.