துரைசாணியின் இரகசியம்

‘தி டீ பிளான்டர்ஸ் வைஃப்’ மலையகத் தேயிலைத் தோட்டம் ஒன்றைக் களமாகக் கொண்ட ஆங்கில நாவல். ‘தேயிலைத் தோட்டக்காரரின் மனைவி’ என்று தலைப்பை நீட்டி மொழிபெயர்க்கலாம். மலையகத்தில் அதற்கு ஒரே சொல் போதும்: துரைசாணி. எழுதியவர் டைனா ஜெஃப்ரிஸ். மலாக்காவில் பிறந்து, சிறுவயதில் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தவர். 2015இல் வெளிவந்த இந்நூலை ‘ரிச்சர்ட் அன்ட் ஜூடி’ வாசகர் வட்டம் தெரிவுசெய்தது; ‘சண்டே டைம்ஸ்’ விற்பனைப் பட்டியலில் அது முதலிடம் பிடித்தது. சிலோன் என்ற பெயரைத் தேயிலைப் பெட்டியில் மட்டும் கண்டிருந்த பெருந்தொகையான வாசகர்கள் அதன்வழியே இம்மலைகளுக்குள் நுழைந்தார்கள். அவர்கள் இந்நாவலைப் பற்றிச் சொன்ன கருத்துகள் மலையகத் தமிழ் வாசகர் கவனிக்கவேண்டியவை.

கதை 1925இல் தொடங்கி 1934இல் முடிகிறது. பத்தொன்பது வயது குவென், லோரன்ஸ் ஹூப்பர் என்ற துரைக்கு இரண்டாம் தாரமாகக் கப்பலேறி வருகிறாள். அவளுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறக்கின்றன. ஆண் குழந்தை வெள்ளை நிறம். அடுத்து வந்த பெண் குழந்தை கறுப்பு. தாய்க்கும் ஆயா நவீனாவுக்கும் மட்டும் தெரிந்த இரகசியமாக, அந்தப் பெண் குழந்தை அயலிலுள்ள கிராமம் ஒன்றுக்குப் போய்ச் சேருகிறது. விருந்தொன்றில் மது மயக்கத்தில் நினைவு தப்பிய இரவில், சவி ரவசிங்க என்ற சிங்கள ஓவியரால் தனக்கு ஏதும் நேர்ந்திருக்குமோ என்ற பயம் குவெனை ஆண்டுக்கணக்காக வாட்டுகிறது. கிராமத்திலிருந்து அந்தப் பிள்ளை வரைந்த படங்கள் மட்டும் அவ்வப்போது பங்களாவுக்கு வருகின்றன. பிறகு பிள்ளையே வருகிறாள், பெயர் லியோனி. மகளென்று சொல்லிக்கொள்ள முடியாமல், பங்களாவில் ஒதுங்கிக் கிடக்கும் சிறுமியாக அவள் இருக்கிறாள். நோயுற்று இறக்கிறாள். அதன் பின்னர்தான் உண்மை வெளியாகிறது. கறுப்பு நிறம் லோரன்ஸின் சொந்த முன்னோர்வழி வந்தது. அவர் குடும்பம் மறைத்து வைத்த இலங்கைப் பெண் ஒருத்தியின் இரத்தம் அது. முதல் மனைவி குழந்தையோடு ஏரியில் மாண்டதற்கும் அதுவே காரணம்.

இங்கிலாந்து வாசகர்களின் கருத்துகளில் அதிகம் தென்படுவது களத்தைப் பற்றிய பாராட்டு. ஏரி, மூடுபனி, பூக்களின் மணம், பங்களாவின் நீண்ட மாலைப்பொழுது ஆகியவற்றை நேரில் கண்டதுபோல் உணர்ந்ததாகப் பலர் சொன்னார்கள். டாஃபனி டு மோரியேயின் ‘ரெபேக்கா’வோடு ஒப்பிட்டவர்களும் உண்டு. பெரிய வீடு, இளம் மனைவி, இறந்துபோன முதல் மனைவியின் நிழல் என்று அந்த ஒப்பீடு பொருந்தவே செய்கிறது. குறை சொன்னவர்களில் ஒரு சாரார் குவெனின் பேதைமையைத் தாங்கமுடியவில்லை என்றார்கள். நாத்தி வெரிட்டியின் சூழ்ச்சிகளை அவள் மறுபடி மறுபடி மன்னிப்பது இவர்களுக்கு எரிச்சல். இரகசியத்தின் விடையைப் பாதியிலேயே ஊகித்துவிட்டோம் என்றார்கள் வேறு சிலர். தோட்டத் தொழிலாளர் பின்னணித் திரைபோல் நிற்பதைச் சுட்டிக்காட்டியவர்களும் இருந்தார்கள். ஆனால் அந்தக் குரல் பாராட்டின் அளவுக்கு ஓங்கவில்லை.

முதலில் களம். தோட்டத்து மணம் என்று வெளியூரார் மெச்சுவது பெரும்பாலும் பங்களாத் தோட்டத்துப் பூமணம். இஸ்டோரின் மேல்தட்டில் பரப்பிய கொழுந்து வாடும்போது எழும் பச்சை மணம் வேறு. அது சேலையிலும் தலைமுடியிலும் ஏறிக்கொண்டு வீட்டுக்கும் வரும். விடியுமுன் பெரட்டுக்களத்தில் நனைந்த கம்பளியின் வாடை வேறு. ஈரவிறகு புகைய, கூரைத் தகரத்தில் மழை விழ, ஒரே காம்பராவுக்குள் அடுப்பும் படுக்கையும் பிள்ளையின் புத்தகப் பையும் கிடக்கும் லயத்துக்கு ஒரு மணம் உண்டு. நாவல் இவற்றை நெருங்கவில்லை. கதை நடக்கும் ஆண்டுகளில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை, புரூக்சைட் வழியாக ராகலை வரை உடப்புசல்லாவைக் குறுகிய பாதையில் கோச்சி ஓடிக்கொண்டிருந்தது. தேயிலைப் பெட்டிகள் அதில் இறங்கின; அரிசி மூட்டைகள் அதில் ஏறின. அந்தப் பாதை 1940களில் மூடப்பட்டது. தண்டவாளம் கிடந்த மலைச்சரிவுகளை இப்பக்கத்து முதியவர்கள் இன்றும் காட்டுவார்கள். இந்த வகையான உழைப்பின் இடவிவரம் கதைக்குள் வந்திருந்தால் களம் இன்னும் உயிர்பெற்றிருக்கும்.

மலையக வாசகர் நின்று பார்க்கவேண்டிய இடம் லியோனியின் மரணம். மனம் உருகியது, கண்ணீர் வந்தது என்று எத்தனையோ வாசகர்கள் சொன்ன இடம் அதுதான். தாயும் மகளும் சேர்கிறார்கள். ஆனால் சேர்ந்தது ஊருக்குத் தெரியுமுன் மகள் போய்விடுகிறாள். அவள் பிழைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பங்களா மேசையில் அண்ணன் ஹியூவுக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு கதிரை போட்டிருப்பார்களா? கிளப்புக்கு அழைத்துப் போயிருப்பார்களா? நாவல் பதில் சொல்லவேண்டிய இடத்தில் பிள்ளை இறந்துபோகிறாள். அந்த இறப்பு பங்களாவின் சிக்கலைத் தீர்த்துவைக்கிறது. கிராமத்தில் அவள் வளர்ந்த ஆண்டுகளைப் பற்றி, அவளுக்குச் சோறு ஊட்டிய பெண்ணைப் பற்றி, அவள் எந்த மொழியில் கனவு கண்டாள் என்பதைப் பற்றி நாவலில் போதிய எழுத்து இல்லை. படங்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன. இந்த நாவலின் பெரிய குறை அதுவே. கதையோட்டம் மெதுவானது, முடிச்சு எளிதானது என்ற முறையீடுகளெல்லாம் அதற்கு முன் சிறியவை.

நாவலில் வெள்ளைத் தாய் கறுப்புப் பிள்ளையை மறைக்கிறாள். மலைநாட்டு வரலாற்றில் மறைத்தவர்கள் பெரும்பாலும் தந்தையர். தோட்டத்துத் துரைமாருக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள் தந்தையின் பெயரும் இல்லாமல், தாயின் சாதிசனத்திடம் இடமும் இல்லாமல் நின்றார்கள். ஆர்னல்ட் பெயின்டர் என்ற ஆங்கிலேய மிஷனரியும் அவருடைய சிங்கள மனைவியும் நுவரெலியாவில் அமைத்த இல்லத்தில் அவ்வாறு கைவிடப்பட்ட பிள்ளைகள் வளர்ந்தார்கள். அந்தத் தம்பதியின் மகன்தான் கண்டி திருத்துவக் கல்லூரித் தேவாலயச் சுவரோவியங்களைத் தீட்டிய டேவிட் பெயின்டர், 1900இல் பிறந்தவர். ஜெஃப்ரிஸின் நாவலில் ஓவியர் ஒருவர் கலப்புப் பிறப்பின் சந்தேகத்துக்கு ஆளாகிறார். அதே காலத்தில் இதே மலையில், கலப்புக் குடும்பத்தில் பிறந்த ஓவியர் ஒருவர் உண்மையாகவே வாழ்ந்துகொண்டிருந்தார். அந்தப் பிள்ளைகளைப் போல ஒளித்து வைக்கப்படாதவர் அவர். நாவலை விரும்பிப் படித்தவர்கள் இந்த இல்லத்தின் கதையையும் தேடிப் படிக்கவேண்டும்.

இதைவிடப் பெரிய அளவில் நடந்தது இந்தியாவில். ஜான் அன்டர்சன் கிரஹாம் என்ற ஸ்கொட்லாந்து மிஷனரி 1900இல் காலிம்போங்கில் ஓர் இல்லம் தொடங்கினார். அஸாம், டார்ஜிலிங் தோட்டத்துரைமாரின் பிள்ளைகள் அங்கே சேர்க்கப்பட்டார்கள். 1908 முதல் 1938 வரை அவர்களில் ஏறத்தாழ 130 பேர் நியூசிலாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். போனவர்கள் தாயைப் பற்றிப் பேசவில்லை. பேரப்பிள்ளைகள் கேட்டபோது வாய் திறக்கவில்லை. அப்படிப் போன ஒருத்தியின் பேத்தி ஜேன் மெக்கேப். வரலாற்றாய்வாளரான அவர் பழைய கோப்புகளைத் தேடி எடுத்து, 2017இல் அந்தப் பிள்ளைகளின் வரலாற்றை நூலாக்கினார். அதன் பின்னர் பல குடும்பங்கள் ஒன்றையொன்று கண்டுகொண்டன.

துரைசாணியின் கதை முடியும் 1934க்கு அடுத்த ஆண்டு, சென்னையில் ‘மணிக்கொடி’ இதழில் புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ வெளிவந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன மருதியின் கதை அது. அதிலும் அதிகாரம் உள்ளவனின் ஆசைக்கு ஒரு பெண் பலியாகிறாள். அதிலும் குடும்பம் சிதறுகிறது. அதிலும் ஒரு மகள் இருக்கிறாள். ஒரே காலம், ஒரே தேயிலை. ஜெஃப்ரிஸ் பங்களாவின் முன்வாசலால் நுழைகிறார், புதுமைப்பித்தன் லயத்தின் பக்கமாக வருகிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும் வாசகருக்கு நாவலின் பலமும் பலவீனமும் யாரும் சொல்லாமலே விளங்கும். அக்காலத்துத் தொழிலாளர் வாயில்லாப் பூச்சிகளாகவும் இருக்கவில்லை. கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டுப் பாடி ஆட்களைத் திரட்டினார். நாவலின் மனிதர்கள் நடமாடிய அதே தெருக்களில் இதெல்லாம் நடந்தது.

குடும்பம் பிரிவதும் சேர்வதும் மலையகத்தில் இன்னொரு பொருளில் ஊன்றிப்போன செய்தி. லயத்துச் சுவர் இரகசியம் காக்காது. பக்கத்துக் காம்பராவின் சண்டையும் இருமலும் பிரசவ வேதனையும் எல்லோர் காதிலும் விழும். அங்கே இரகசியமாய்ப் போனது கடுதாசி. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் பெருந்தொகையானோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ - சாஸ்திரி உடன்படிக்கை 975,000 பேரைப் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மிஞ்சிய 150,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். “இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்தவங்க” என்று ஒரு பேச்சே உண்டாயிற்று. அண்ணன் எழுதிக்கொடுத்திருப்பான், தங்கை கட்டிக்கொடுத்த வீட்டாரோடு இங்கே நின்றிருப்பாள். யார் எப்போது கையெழுத்து வைத்தார், யாருடைய சொல்லைக் கேட்டு வைத்தார் என்பதை வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. தலைமன்னாருக்குப் புறப்பட்ட வண்டிக்கு ‘அழுகைக் கோச்சி’ என்று பேர் வைத்தார்கள். பிளாட்பாரத்தில் நின்றவர்களும் சன்னலுக்குள் இருந்தவர்களும் கைகளைப் பிடித்தபடி ஓடி, பிடி விட்டுப்போன இடத்தில் அந்தப் பெயர் பிறந்தது. 1984க்குப் பின் கப்பலும் நின்றது. நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் டான்டீ தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்களை அங்குள்ளவர்கள் ‘சிலோன்காரர்’ என்றார்கள். இங்கே இருந்தவர்களை ‘இந்தியாக்காரர்’ என்றார்கள்.

இந்தப் பிரிவை எழுத்தில் தொட்டவர்கள் உண்டு. 1964இலேயே கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ கடல் கடந்து வந்த ஒரு பெண்ணின் வாழ்வைத் தலைமுறைக் கதையாகச் சொன்னது. சி.வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’, தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’, மாத்தளை சோமுவின் ‘எல்லை தாண்டா அகதிகள்’ ஆகியவற்றை மலையக நாவலின் தூண்கள் என்று விமர்சகர்கள் எண்ணுவதில் தவறில்லை. ஆனால் பிரிந்த அண்ணனும் தங்கையும் அறுபது வயதில் கோத்தகிரியிலோ ராகலையிலோ நேருக்கு நேர் நின்று, கையெழுத்து யாருடைய பிழை என்று கேட்கும் நாவலுக்கு இன்னும் இடம் காலியாகவே இருக்கிறது. துரைசாணியின் இரகசியத்துக்கு வாய்த்த அளவு வாசகர் அந்தக் கதைக்கும் கிடைப்பார்கள். எழுதப்படவேண்டும், அவ்வளவுதான்.

வாசகர் கருத்து என்பது படைப்புக்குப் பின்னால் வரும் வாலாக இங்கே எண்ணப்பட்டுவிட்டது. வெளிநாட்டில் ஒரு நாவல் வெளிவந்தால் வாசகர் வட்டங்கள் கூடுகின்றன. ஒரு பாத்திரம் ஏன் பிடித்தது, ஏன் பிடிக்கவில்லை என்று சாதாரண மனிதர் துணிந்து சொல்கிறார். அந்தப் பேச்சே அடுத்த நாவலுக்கு ஆளைக் கூட்டுகிறது. மலையகத்தில் ஒரு நூல் வெளியீட்டு விழா கண்டால், மேடையில் பொன்னாடை, வாழ்த்துரை, நன்றியுரை. பிறகு பேச்சு அடங்கிவிடுகிறது. படித்த ஆசிரியை ஒருவருக்கு மருதியைப் பற்றி என்ன தோன்றியது, கொழுந்து பறிக்கும் ஒரு பெண் தன் மகள் வாசித்துக்காட்டிய அத்தியாயத்தைக் கேட்டு எங்கே கோபப்பட்டாள் என்பது எங்கும் பதிவாவதில்லை. எழுத்தாளருக்கு வேண்டிய உரம் அந்தக் கோபத்தில் இருக்கிறது.

அடுத்த இதழில் வாசகர் பக்கம் விரிவாக வருகிறது. ‘துரைசாணி’யை ஆங்கிலத்தில் படித்தவர்களும், ‘துன்பக்கேணி’யையோ ‘தூரத்துப் பச்சை’யையோ தமிழில் படித்தவர்களும் தங்கள் கருத்தை எழுதி அனுப்பவேண்டும். ஒரு பக்கம் போதும். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே எழுதலாம். வீட்டுப் பெட்டியில் நீலகிரி முத்திரை குத்திய பழைய நீலக் கடிதம் ஏதும் இருந்தால், அதை எழுதியவர் உறவில் யார், கடைசிக் கடிதம் எந்த ஆண்டு வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தோட்டத்தின் பெயரோடு டிவிசனையும் குறிப்பிட மறக்கவேண்டாம்.