நாலு சக்கரமும் இழுக்கிற லாரி எங்களுக்கு ஏன் கூடாது?

லாரி செய்யிற ஊருக்குப் பக்கத்துலயே இருந்துக்கிட்டு லாரி இல்லாம தவிக்கிறது யாருன்னு கேட்டா நாங்கதான். 1980-ல அசோக் லேலண்ட் ஓசூர்ல ஃபேக்டரி திறந்தப்போ நான் அரை டிராயர் போட்ட பையன். அதே கம்பெனியோட ஸ்டாலியன் லாரிதான் இன்னிக்கு நம்ம பட்டாளத்துல எங்க பார்த்தாலும் ஓடுது. பனி, மணல், பாறைன்னு பார்க்காம அஞ்சு டன் பாரத்தோட ஏறும். முன் சக்கரம் பின் சக்கரம் ரெண்டும் சேர்ந்து இழுக்கிறதால ஏறுது. ஓசூர்ல இருந்து லடாக் எவ்வளவு தூரம், அஞ்செட்டி மலை எவ்வளவு தூரம்னு நீங்களே மேப்புல பாத்துக்கோங்க.

எங்க ஊருக்கு தார் ரோட்டுல இருந்து ஆறு கிலோமீட்டர் மண் பாதை. அதுல நாலு கிலோமீட்டர் காடு. செம்மண்ணு, நடுவுல பாறை, குறுக்க மூணு ஓடை. வெயில் காலத்துல சாதாரண லாரியே வந்துடும். ஐப்பசி பொறந்துட்டா தக்காளி, பீன்ஸ், ராகி எல்லாம் டிராக்டர் டிரெய்லர்லதான் இறங்கணும். போன வருசம் விடாம பெஞ்ச மூணு நாள் டிராக்டரும் போகல. நாப்பது கிரேட் தக்காளி வாசல்லயே தண்ணி விட்டு அழுகுச்சு. அந்த வாரம் ராயக்கோட்டை மண்டியில நல்ல விலை. அதே மூணு நாள்ல பக்கத்து கொட்டாய்ல பாம்பு கடிச்ச ஒரு பொம்பளைய கட்டில்ல படுக்க வச்சு நாலு பேர் தூக்கிட்டு இறங்கினாங்க. பொழச்சிக்கிட்டாங்க. ஆனா அடுத்த தடவையும் அப்படியே நடக்கும்னு யார் சொல்ல முடியும்?

டிராக்டர் இருக்கே, அதுலதான் இப்போ ஃபோர் வீல் டிரைவ் வந்துருச்சேன்னு பட்டணத்துல இருக்கிற என் தங்கச்சி மகன் சொல்றான். வந்திருக்கு, நல்லாவும் இழுக்குது. பிரச்சனை ஏறும்போது இல்ல தம்பி, இறங்கும்போது. எங்க பக்கம் ஓடுற டிரெய்லர்ல முக்கால்வாசிக்கு பிரேக்கே கிடையாது. மூணு டன் பாரம் பின்னாடி இருந்து தள்ளும்போது, டிராக்டர் எவ்வளவு புடிச்சாலும் டிரெய்லர் அதை மடக்கிப் போட்டுடும். டிராக்டர் கவுந்து செத்தாங்கன்னு பேப்பர்ல நாலு வரி வருதே, அதுல பலதும் இந்தக் கதைதான். கடையில கிடைக்கிற ஃபோர் வீல் பிக்கப் வண்டிகளும் நல்லாத்தான் போகுது. ஆனா ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல ஏத்தலாம், அவ்வளவுதான். ஏழு வீட்டுக்காரங்க சேர்ந்து பறிச்ச காய்க்கு அது நாலு நடை.

எங்களுக்கு வேண்டியது நடு சைஸ் லாரி. மோட்டார் வாகனச் சட்டத்துல ஏழரை டன்னுக்கு மேல, பன்னெண்டு டன் வரைக்கும் மொத்த எடைன்னு சொல்ற ரகம். சாதாரணமா அந்த லாரிகள்ல பின் சக்கரம்தான் தள்ளும், முன் சக்கரம் சும்மா உருளும். சேத்துல என்ன ஆகுதுன்னா, பின்னால தள்ளத் தள்ள முன் சக்கரம் மண்ணுக்குள்ள குத்திக்கிட்டு நிக்கும். காலி வண்டின்னா இன்னும் மோசம். பின்னால பாரம் இல்லாததால சக்கரம் நின்ன இடத்துலயே சுத்தி குழி பறிக்கும். பின்னால ஜோடி டயர் வேற, ரெண்டுக்கும் நடுவுல கல்லு மாட்டி டயரைக் கிழிக்கும். பட்டாளத்து லாரியில பின்னாலயும் ஒத்த டயர் போட்டிருக்கிறதை கவனிச்சிருக்கீங்களா? முன் சக்கரம் அமுக்கின தடத்துலயே பின் சக்கரமும் வரணும்னுதான்.

இதை மாத்த முடியாதான்னு ஓசூர்ல எனக்குத் தெரிஞ்ச ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்ட கேட்டேன். சாக்பீஸ் எடுத்து தரையிலயே படம் போட்டுட்டாரு. கியர்பாக்ஸுக்குப் பின்னாடி டிரான்ஸ்ஃபர் கேஸ்னு ஒரு பெட்டி, அதுல இருந்து முன்னாடி போற தனி ஷாஃப்ட், முன்னாடி திரும்பவும் செய்யணும் இழுக்கவும் செய்யணும்ங்கிற மாதிரி ஒரு ஆக்ஸில். அந்த ஆக்ஸிலோட உருண்டை எஞ்சின் ஆயில் சம்ப்புல இடிக்காம இருக்க ஸ்பிரிங் பிளேட் உயரம் ஏத்தணும். ஸ்டியரிங் ராடு, பிரேக் எல்லாம் புதுசா அமைக்கணும். முக்கியமா முன் ஆக்ஸில் பின் ஆக்ஸில் ரெண்டுலயும் கிரவுன் பினியன் பல்லுக் கணக்கு ஒண்ணா இருக்கணும். இல்லன்னா முன்னது ஒரு வேகத்துக்கு இழுக்கும், பின்னது வேற வேகத்துக்குத் தள்ளும், நடுவுல ஏதாவது ஒண்ணு உடையும். டிரான்ஸ்ஃபர் கேஸ்ல லோ கியர் ஒண்ணு இருந்தா இறக்கத்துல பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வர வேண்டாம், எஞ்சினே புடிச்சு நிறுத்தும். எனக்கு ஏறுற சக்தியைவிட இதுதான் பெருசாப் பட்டுது.

எல்லாம் சொல்லிட்டு, "செய்யலாம்ணா, ஆனா செய்யமாட்டேன். நீங்களும் ஜெயிலுக்குப் போவீங்க, நானும் போவேன்"னாரு.

அவர் சொன்னது தப்பில்ல. சட்டத்துல 52-ஆம் பிரிவு, கம்பெனி எப்படிக் கொடுத்துச்சோ அதுல இருந்து ஆர்.சி. புக்ல இருக்கிற விவரம் மாறுற மாதிரி வண்டியில எதையும் மாத்தக் கூடாதுங்குது. கேரளாவுல இருந்து போன வழக்குல 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்திச் சொல்லிடுச்சு. அதே வருசம் சட்டத்தைத் திருத்தி, மாத்துற ஒவ்வொண்ணுக்கும் அஞ்சாயிரம் ரூபா அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும்னு ஆக்கிட்டாங்க. விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சிடுவான்.

சட்டமே வேண்டாம்னு நான் சொல்லல. வெல்டிங் பட்டறையில அரைகுறையா ஆக்ஸில் மாத்தின ஒரு லாரி அஞ்செட்டி கொண்டை ஊசி வளைவுல எதிர்ல வந்தா, முதல்ல சாகிறது பைக்ல போற நான்தான். ஆனா ஹாரன் மாத்தினவன், சைலென்சர் புடுங்கினவன், மலையில பாரம் இறக்க ஆக்ஸில் கேக்கிறவன், எல்லாரையும் ஒரே கயித்துல கட்டினா எப்படி? ஞாயித்துக்கிழமை ஆனா பெங்களூருல இருந்து கும்பலா ஜீப் வருது. தார் ரோட்டை விட்டு இறங்காத தார் ஜீப்புங்க, மேல பத்து லைட்டு, வெளிய துருத்திக்கிட்டு நிக்கிற டயரு. அதுல எதையாவது யாராவது நிறுத்திக் கேட்டு நான் பார்த்ததில்ல. எங்க ஓடையில சேறு பூசிக்கிட்டு போட்டோ எடுத்துட்டுப் போறாங்க. அதே ஓடையில என் காய் நிக்குது.

அந்த 52-ஆம் பிரிவை முழுசாப் படிச்சா ஒரு வேடிக்கை இருக்கு. கேஸுக்கு மாத்திக்கலாம், பேட்டரிக்கு மாத்திக்கலாம், அங்கீகாரம் வாங்கின கிட் போட்டா போதும்னு அதுலயே வழி வச்சிருக்காங்க. குறிப்பிட்ட தேவைக்காக வேற விதமா மாத்தவும் மத்திய அரசு விலக்கு கொடுக்கலாம்னும் இருக்கு. கதவு இருக்கு, தட்டத்தான் ஆள் இல்ல. திருச்செங்கோட்டுல லாரி சேஸ் மேல போர்வெல் ரிக்கையே ஏத்தி இந்தியா பூரா அனுப்புறாங்க. பாறையில ஆயிரம் அடி ஓட்டை போடுற மெஷினை லாரி மேல ஏத்துறதுக்கு முறை இருக்கும்போது, முன்னாடி ஒரு ஆக்ஸில் போட முறை ஏற்படுத்த முடியாதா? சோதிச்சுப் பாக்க ஒரகடத்துலயே மத்திய அரசோட வாகன ஆராய்ச்சி மையம் இருக்கு. பல்லு வெட்ட, கடைசல் புடிக்க ஓசூர்ல இல்லாத பட்டறையா? மலைப் பாதைக்கு மட்டும்னு ஆர்.சி.யில எழுதட்டும், வேகத்தை நாப்பதுன்னு பூட்டட்டும். எங்களுக்கு அதுக்கு மேல வேண்டாம்.

இது புதுசும் இல்ல. அமெரிக்காவுல 1930-கள்லயே மார்மன் ஹெரிங்டன்னு ஒரு கம்பெனி ஃபோர்டு லாரிகளை வாங்கி ஃபோர் வீல் டிரைவா மாத்தி வித்துச்சு. 1950-கள்ல நாப்கோங்கிற கம்பெனி செவர்லே, ஜி.எம்.சி. வண்டிகளுக்கு எல்லா சாமானையும் ஒரே கிட்டா வித்துச்சு. கடைசியில அந்த வண்டிக் கம்பெனியே ஃபேக்டரியில மாட்டிக் கொடுக்க ஆரம்பிச்சுது. நம்ம நாட்டுலயே ஜெர்மனியோட மான் கம்பெனி டிசைனை வச்சு 1959-ல இருந்து 1996 வரைக்கும் ஜபல்பூர்ல சக்திமான் லாரி செஞ்சாங்க. பட்டாளம் ஏலத்துல கழிச்சு விட்ட அந்தக் கிழட்டு லாரிங்க வடகிழக்கு மலை மாநிலங்கள்ல மரம் ஏத்திக்கிட்டு இன்னும் ஓடுது. ஒண்ணு வாங்கிப் பாருங்கன்னு எனக்கும் சொன்னாங்க. ஸ்பேருக்கு எங்க போறது? முப்பது வயசு தாண்டின லாரியை நம்பி ஏழு குடும்பம் எப்படிப் பொழைக்கிறது?

லாரியை மாத்துறதுக்குப் பதிலா ரோடு கேளுங்களேன்னு நீங்க சொல்வீங்க. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. 2006 வன உரிமைச் சட்டப்படி காட்டுக் கிராமங்களுக்கு ரோடு போட கிராம சபை சொன்னா போதும், ஆனா ஒரு ஹெக்டேருக்குள்ள இருக்கணும். எங்க காட்டுப் பாதை நாலு கிலோமீட்டர். நாலு மீட்டர் அகலம் வச்சாலும் 1.6 ஹெக்டேர் வருது. அப்புறம் டெல்லி வரைக்கும் ஃபைல் நடக்கணும். அதுவும் இந்தக் காடு 2014-ல அறிவிச்ச காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயம். பன்னேர்கட்டாவுல இருந்து யானை இறங்கி வர்ற பகுதி. நல்ல தார் ரோடு போட்டா ராத்திரி லாரி வரும், ரிசார்ட் வரும், அப்புறம் யானை எங்க ராகிக் கொல்லையிலதான் நிக்கும். ரோடு வேண்டாம்னு சொல்ல எனக்கு என்ன கிறுக்கா? ஆனா வண்டிக்குத் தகுந்த மாதிரி காட்டை வெட்டுறதைவிட, பாதைக்குத் தகுந்த மாதிரி நாலு வண்டியை மாத்துறது செலவும் கம்மி, சீக்கிரமும் ஆகும். தர்மபுரி கோட்டூர் மலைக்கு எலக்‌ஷனப்போ ஓட்டு மெஷினைக் கழுதை மேல ஏத்தி அனுப்பியிருக்காங்க, டிவியில பார்த்திருப்பீங்க. கழுதை பாவம்.

ஷோரூம்ல கேட்டா, "இதுக்கெல்லாம் மார்க்கெட் இல்ல சார்"ங்கிறாங்க. சித்தேரி, ஜவ்வாது, கல்வராயன், கொல்லி, பர்கூர்னு மலை மலையா ஜனம் இருக்கு. ஆளுக்கு ஒண்ணு வாங்க எங்களால முடியாது, அது உண்மை. வேளாண் பொறியியல் துறை டிராக்டர், புல்டோசரெல்லாம் மணி வாடகைக்கு விடுதே, அதோட மலைத் தாலுகாவுக்கு ரெண்டு ஃபோர் வீல் லாரி சேத்தா என்ன? துறை பேர்ல வண்டி இருந்தா அங்கீகாரம் வாங்குறதும் அவங்களுக்கு லேசு, பழுது பார்க்கவும் ஆள் இருக்கு. உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகளுக்கு மானியத்துல என்னென்னமோ மெஷின் வருது. அந்தப் பட்டியல்ல இதையும் ஒரு வரி எழுதலாம்.

இதையே மனுவா எழுதி வச்சிருக்கேன், மூணு பக்கம். எங்க கொட்டாய்ல பதினெட்டு பேர் கையெழுத்து போட்டிருக்காங்க. கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸ்ல அடுத்த விவசாயிகள் குறைதீர் நாளுக்குக் கொண்டு போறேன். சட்டம் படிச்சவங்க, வண்டிக் கம்பெனியில இன்ஜினியரா இருக்கிறவங்க இதைப் படிச்சா, 52-ஆம் பிரிவுல விலக்கு கேக்கிற மனுவை டெல்லியில எந்த மேஜைக்கு எப்படி எழுதணும்னு மட்டும் சொல்லுங்க. மழைக்கு இன்னும் நாலு மாசம்தான் இருக்கு.