'கடல் பெரிசுதானே' என்று சொல்லாதீர்கள்!



'கடல் எவ்வளவு பெரிசு! அதில் எது கலந்தால் என்ன?' என்று பெரியவர்கள் சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இது தப்பு. கடலே இல்லாத காஞ்சிபுரத்தில் இருப்பவர்களும் அப்படிச் சொல்லக் கூடாது. ஏன் தெரியுமா?

காஞ்சிபுரத்தை ஒட்டி ஓடுவது வேகவதி ஆறு. இது திருமுக்கூடலில் பாலாற்றோடும் செய்யாற்றோடும் சேருகிறது. மூன்று ஆறுகள் கூடுவதால்தான் ஊருக்கே அந்தப் பெயர்! பிறகு பாலாறு கிழக்கே போய், வயலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. ஆண்டில் பல மாதங்கள் ஆறு வெறும் மணல்தான். ஆனால், 2021 நவம்பரில் வந்தது போல வெள்ளம் வந்தால், வழியில் தேங்கிய சாக்கடை, சோப்புத் தண்ணீர், சாயநீர், வயல் உரம் எல்லாம் கடலைப் பார்த்துக் கிளம்பிவிடும்.

உரத்திலும் சாக்கடையிலும் நைட்ரஜன், பாஸ்பரஸ் சத்துகள் உண்டு. பயிரை வளர்ப்பது போலவே இவை கடல் பாசியையும் வளர்க்கும். பாசி மண்டி, செத்து அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துவிடும். மீன்கள் மூச்சுத் திணறும். ஐரோப்பாவின் பால்டிக் கடலில் இப்படி ஆக்சிஜன் இல்லாமல் போன பகுதிகள் பெரிதாக இருக்கின்றன. நம் மன்னார் வளைகுடாவிலும் 2019 செப்டம்பரில் நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் பெருகி, கடல் பச்சையாக மாறியது; மீன்கள் செத்து ஒதுங்கின.

ஆற்று வழியாக வருவது மட்டுமல்ல, காற்று வழியாகவும் கடல் மாறுகிறது. நிலக்கரி, பெட்ரோல் எரித்து நாம் விடும் கார்பன் டை ஆக்சைடில் சுமார் கால் பங்கைக் கடல் இழுத்துக்கொள்கிறது. அது தண்ணீரோடு சேர்ந்தால் கார்பானிக் அமிலம். தொழிற்புரட்சிக்கு முன் கடல் நீரின் பி.எச். அளவு சுமார் 8.2. இப்போது சுமார் 8.1. 'இவ்வளவுதானா?' என்று சிரிக்காதீர்கள். இந்தச் சின்ன மாற்றத்துக்கு, அமிலத்தன்மை 30 சதவீதம் வரை கூடிவிட்டது என்று அர்த்தம்! கடல் இன்னும் அமிலமாகிவிடவில்லை. ஆனால் சிப்பி, சங்கு, பவளம் ஆகியவை ஓடு கட்டுவது கஷ்டமாகி வருகிறது. முட்டை ஓட்டை ஒரு நாள் எலுமிச்சைச் சாற்றில் போட்டுப் பாருங்கள். குமிழ் வந்து ஓடு கரைவதைக் காண்பீர்கள். கடல் நீர் எலுமிச்சைச் சாறு போல அமிலம் இல்லை; அங்கே ஓடு கட்டுவதுதான் கஷ்டமாகிறது. 

சின்ன அளவை அலட்சியம் செய்யக் கூடாது என்பது காஞ்சியில் சாயம் தோய்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். தொட்டித் தண்ணீரில் அமிலம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பட்டில் நிறம் மாறிவிடும். தொட்டி சரியில்லை என்றால் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு பிடிக்கலாம். கடலை மாற்ற முடியுமா?

கெட்ட தண்ணீரைச் சரிசெய்வது எவ்வளவு கஷ்டம் என்பதற்குப் பாலாறே சாட்சி. வேலூர் பக்கத்துத் தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பு சொன்னது. அதே பிரச்னைக்காக 2025-லும் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது!

அதற்காகச் சாயத்தொழிலை நிறுத்தச் சொல்லவில்லை. பல குடும்பங்களுக்கு அதுதானே சோறு? சாயநீரையும் ஊர்ச் சாக்கடையையும் சுத்தம் செய்த பிறகே ஆற்றில் விட வேண்டும். அந்தச் செலவை ஏழைத் தொழிலாளி தலையில் மட்டும் கட்டக் கூடாது. அரசும், பட்டு விற்கிறவர்களும், வாங்கி உடுத்துகிற நாமும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்? சோப்புத்தூளை அளவாகப் போடச் சொல்லுங்கள். வேகவதியில் குப்பை கொட்டாதீர்கள். பக்கத்துத் தெருவுக்கு வண்டி கேட்காமல் நடந்தோ சைக்கிளிலோ போங்கள். யாராவது 'கடல் பெரிசுதானே' என்றால், 'ஆமாம், அதனால்தான் கெட்டால் சரிசெய்யவும் முடியாது' என்று தைரியமாகச் சொல்லுங்கள்!