தொலைதூரத் துப்பாக்கியின் உண்மையான விலை என்ன? பெங்களூரு தயாரிப்பு எழுப்பும் கணக்கு

விவேக் நகர் (பெங்களூரு): ராணுவ முகாம் நிலங்களை ஒட்டி அமைந்த, தமிழர்கள் கணிசமாக வாழும் விவேக் நகரிலிருந்து ஓசூர் சாலையைப் பிடித்துத் தெற்கே சென்றால் பொம்மசந்திரா, ஜிகணி தொழிற்பேட்டைகள் வந்துவிடும். விமான உதிரிபாகங்களையும் வாகன உறுப்புகளையும் கடைந்து பழகிய இந்த நகரம் இப்போது ஸ்னைப்பர் துப்பாக்கிகளையும் தயாரிக்கிறது. பெங்களூருவைச் சேர்ந்த எஸ்எஸ்எஸ் டிஃபென்ஸ் நிறுவனம் .338 லாபுவா மேக்னம் ரகத் துப்பாக்கியை நட்பு நாடு ஒன்றுக்கு ஏற்றுமதி செய்ததாக 2024 ஏப்ரலில் செய்தி வெளியானது. வாகனங்களுக்குச் சுருள்வில் தயாரித்து வந்த குழுமத்தின் கிளை நிறுவனம் இது என்பது குறிப்பிடத்தக்கது.

அந்தச் செய்தியில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு விவரம் உண்டு. அதே காலத்தில் அந்நிறுவனம் பெற்றதாகக் கூறப்பட்ட தோட்டா விநியோக ஒப்பந்தங்களின் மதிப்பு ஏறத்தாழ 5 கோடி டாலர். துப்பாக்கி தலைப்புச் செய்தியானது. பெரும்பணம் தோட்டாவில் இருந்தது. தொலைதூரத் துப்பாக்கியின் செலவைக் கணக்கிடுவோர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

இதற்கு இந்திய ராணுவத்தின் அனுபவமே சான்று. 1990-களில் இருந்து நமது வீரர்கள் பயன்படுத்தி வரும் ரஷ்ய டிராகுனோவ் துப்பாக்கியின் பயனுறு தூரம் சுமார் 800 மீட்டர். 2018-ல் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டில் எதிர்த்தரப்பின் ஸ்னைப்பர் தாக்குதல்களில் வீரர்கள் உயிரிழந்தபோது, இந்தக் குறைபாடு பெரும் கேள்வியாக எழுந்தது. அதே ஆண்டு 5,719 துப்பாக்கிகளுக்கும் சுமார் 1.02 கோடி தோட்டாக்களுக்கும் டெண்டர் கோரப்பட்டது. மதிப்பு ரூ.982 கோடி என்று அப்போது செய்திகள் தெரிவித்தன. 2019-ல் அந்த டெண்டர் திரும்பப் பெறப்பட்டது. தோட்டா தயாரிப்புத் தொழில்நுட்பத்தை இந்தியாவுக்கு வழங்க நிறுவனங்கள் முன்வராததே முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. துப்பாக்கி கிடைத்திருக்கும், அதற்கான தோட்டாவை உள்நாட்டில் தயாரிக்கும் வழி கிடைக்கவில்லை. இடைக்கால ஏற்பாடாக ராணுவத்தின் வடக்குக் கட்டளையகம் பெரெட்டா, பாரெட் துப்பாக்கிகளைச் சிறிய எண்ணிக்கையில் வாங்கியது. பின்னர் பின்லாந்தின் சாக்கோ டிஆர்ஜி-42 வந்தது.

ரூ.982 கோடியை 5,719-ஆல் வகுத்தால் ஒன்றுக்கு சுமார் ரூ.17 லட்சம் வரும். இது துப்பாக்கியின் விலை மட்டுமன்று. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஏறத்தாழ 1,780 தோட்டாக்கள் இதில் அடங்கும். மேற்கத்தியச் சந்தையில் இந்த ரகத்தின் தரமான ஒரு தோட்டா 5 டாலருக்குக் குறைவாகக் கிடைப்பது அரிது. 2019-ன் டாலர் மதிப்பில் கணக்கிட்டால் தோட்டாவுக்கே ரூ.6 லட்சத்துக்கு மேல் போகும். அரசு மொத்தமாக வாங்கும்போது விலை குறையும் என்றாலும், மூன்றில் ஒரு பங்கு என்ற விகிதம் பெரிதாக மாறாது.

இன்னொரு செலவு டெண்டர் ஆவணங்களில் எளிதில் கண்ணில் படாதது. .338 ரகத்தில் வெடிமருந்து அதிகம். வெப்பமும் அழுத்தமும் குழலின் உட்புறத்தை வேகமாக அரிக்கின்றன. பொதுவாக 2,000 முதல் 3,000 சுடுதல்களுக்குள் குழலின் துல்லியம் தேயத் தொடங்கும். 7.62 மி.மீ. ரகத்தில் இதே குழல் 5,000-க்கும் மேல் தாங்கும். அதாவது, டெண்டரில் கேட்கப்பட்ட 1,780 தோட்டாக்களைச் சுட்டு முடிக்கும் வேளையில் குழலை மாற்றும் காலம் நெருங்கிவிடும். பயிற்சியைக் குறைத்துக் குழலைக் காப்பாற்றலாம்தான். பயிற்சி குறைந்த ஸ்னைப்பர் வீரரிடம் விலையுயர்ந்த துப்பாக்கி இருந்து என்ன பயன்?

துல்லியத்துக்கும் ஒரு விலை உண்டு. இத்துறையில் பொதுவான அளவுகோல் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. 100 மீட்டரில் அது சுமார் 3 செ.மீ. விலகல், 1,000 மீட்டரில் 29 செ.மீ. இதைப் பாதியாகக் குறைக்க வேண்டுமானால் குழல், தோட்டா, குறிபார்க்கும் தொலைநோக்கி ஆகிய மூன்றும் ஒன்றுபோல உயர வேண்டும். ஒன்றில் மட்டும் சிக்கனம் பிடித்தால் மற்ற இரண்டில் போட்ட பணம் வீண். உயர்தரத் தொலைநோக்கியின் விலை பல வேளைகளில் துப்பாக்கியின் விலையையே எட்டிவிடும். அவற்றில் கணிசமானவை ஜெர்மனி, அமெரிக்கா போன்ற நாடுகளின் தயாரிப்புகள். எனவே 'உள்நாட்டுத் துப்பாக்கி' என்று கூறும்போது எந்தப் பாகம் உள்நாட்டினது என்று கேட்பது நியாயமே.

உற்பத்தியாளர் பக்கமும் பார்க்க வேண்டும். தனியாருக்குப் பாதுகாப்புத் துறை திறக்கப்பட்டது 2001-ல். 2020-ல் வெளியான 101 பொருட்களுக்கான இறக்குமதித் தடைப் பட்டியலில் 7.62 மி.மீ. ஸ்னைப்பர் துப்பாக்கியும் இடம்பெற்றது. தடை விதிப்பது எளிது. தொடர்ச்சியான கொள்முதல் உறுதி தருவதே கடினம். குழலில் சுருள்வரி வெட்டும் இயந்திரம், சோதனைக் களம், உரிமம், பாதுகாப்பு ஏற்பாடு ஆகியவற்றுக்கான முதலீடு நூறு துப்பாக்கிகள் செய்தாலும் ஐயாயிரம் செய்தாலும் பெரிதாக மாறாது. ஆர்டர் சிறிதானால் அந்தச் சுமை ஒவ்வொரு துப்பாக்கியின் மீதும் ஏறும். லட்சக்கணக்கில் தேவைப்படும் சாதாரண ரைஃபிளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை 1966 முதல் அரசு ஆதரவில் தாக்குப்பிடித்ததும் இத்தகைய பெருந்தொகை உற்பத்தியால்தான். சில ஆயிரங்களில் முடிந்துவிடும் ஸ்னைப்பர் சந்தையில் தனியார் நிறுவனம் ஏற்றுமதியை நாடுவதில் வியப்பில்லை.

பாதுகாப்பு அமைச்சகம் அடுத்த கொள்முதலில் குறைந்த விலை கோருபவரைத் தேர்வு செய்யும் பழைய முறையையே பின்பற்றினால், துப்பாக்கியின் விலைச்சீட்டு மட்டுமே ஒப்பிடப்படும். பத்தாண்டுகளுக்கான தோட்டா, மாற்றுக் குழல், தொலைநோக்கிப் பராமரிப்பு ஆகியவற்றையும் சேர்த்து விலை கோரினால் வரிசை மாறக்கூடும். 2019-ல் டெண்டர் முறிந்தது துப்பாக்கி இல்லாமல் அன்று, தோட்டாவுக்கு வழியில்லாமல் என்பதை விலை மதிப்பீட்டுக் குழு மறந்திருக்காது என்று நம்பலாம்.